‘சிவியர்’ என்றால் எவ்வளவு?

மருத்துவமனைச் சீட்டில் ஒரு சொல் எழுதியிருக்கிறது. புயல் செய்தியிலும் அதே சொல் வருகிறது. டெல்லியில் காற்று கெட்டுப் போனாலும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். உதவித்தொகைக்கான விதியிலும் அது இருக்கிறது.

அந்தச் சொல் ‘சிவியர்’.

இது ஆங்கிலச் சொல். தமிழில் கடுமையான, தீவிரமான என்று சொல்கிறோம். பொருள் தெரிந்து விட்டது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கடுமை என்றால் எவ்வளவு கடுமை? பேச்சில் இதற்கு அளவு கிடையாது. ‘கடுமையான தலைவலி’ என்கிறோம். யாரும் அளந்து பார்ப்பதில்லை. அரசு அறிவிப்பிலும் மருத்துவச் சீட்டிலும் அப்படி இல்லை. அங்கே இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தெரிந்து கொண்டால்தான் சொல் புரியும்.

சொல் வந்த வழி

‘சிவியர்’ என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே அது கண்டிப்பான மனிதரைக் குறித்தது. சிரிக்காத முகம், தளராத கண்டிப்பு. இன்றும் ஆங்கிலத்தில் கண்டிப்பான ஆசிரியரை இந்தச் சொல்லால் குறிப்பது உண்டு. பிறகு அது தண்டனைக்கும், வலிக்கும், குளிருக்கும், நோய்க்கும் பரவியது. நம் ‘கடு’ என்ற சொல்லும் இப்படித்தான். கடுகடுத்த முகம் என்கிறோம். கடுஞ்சொல், கடுங்குளிர், கடும்பசி என்றும் சொல்கிறோம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ‘கடும் உழைப்பு’ என்று தமிழில் பாராட்டிச் சொல்லலாம். ‘தீவிர ரசிகர்’ என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் அந்த இடங்களில் ‘சிவியர்’ வராது. அது பெரும்பாலும் துன்பத்தோடும் கண்டிப்போடும் சேர்ந்து வரும் சொல்.

ஒப்பிட்டுச் சொல்வது எப்படி? தமிழில் வேறு சொற்களைச் சேர்க்கிறோம். ‘நேற்றை விட இன்று வெயில் கடுமை.’ ‘இந்த மாதத்திலேயே இன்றுதான் கடும் வெயில்.’ ஆங்கிலத்தில் சொல்லுக்கு வால் முளைக்கும். ‘பெஸ்ட்’ என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். அதன் கடைசியில் வரும் ‘ஸ்ட்’தான் அந்த வால். எல்லாவற்றிலும் மேலானது என்று அது காட்டும். ‘சிவியர்’ என்பதோடு அது சேர்ந்தால் ‘சிவியரஸ்ட்’. எல்லாவற்றிலும் கடுமையானது என்று பொருள். வால் வேண்டாம் என்றால் முன்னால் ‘மோஸ்ட்’ சேர்த்து ‘மோஸ்ட் சிவியர்’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

‘இந்த மாதத்திலேயே’ என்றோம் அல்லவா? அந்த ‘லேயே’ மிகவும் முக்கியம். ‘மிகக் கடுமையான’ என்று யார் சொன்னாலும், ‘எதிலேயே?’ என்று கேட்க வேண்டும். மாவட்டத்திலேயா? நாட்டிலேயா? 10 ஆண்டுகளிலேயா? 100 ஆண்டுகளிலேயா? பதில் இல்லை என்றால் அது வெறும் அலங்காரம். ‘மிகக் கடுமையானவற்றுள் ஒன்று’ என்பது இன்னும் தந்திரமான பேச்சு. அந்த ‘ஒன்று’ முதல் இடமாகவும் இருக்கலாம், ஐம்பதாவது இடமாகவும் இருக்கலாம்.

தண்டனையில் இந்தச் சொல்

ஒரு குற்றம் நடக்கிறது. ஊரே கொதிக்கிறது. ‘குற்றவாளிக்கு மிகக் கடுமையான தண்டனை வாங்கித் தருவோம்’ என்று தலைவர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலச் செய்தியில் அது ‘சிவியரஸ்ட்’ என்று வரும். சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயரில் தண்டனை இல்லை. அங்கே ஆண்டுக் கணக்கு இருக்கிறது. அபராதம், ஆயுள் சிறை, மரண தண்டனை என்ற பெயர்கள் இருக்கின்றன. தலைவர் சொன்னது எந்தத் தண்டனை என்று கேட்டால்தான் பேச்சின் எடை தெரியும்.

‘கடுங்காவல்’ என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல். ‘ரிகரஸ்’ என்பார்கள். சிறையில் வேலை வாங்கப்படும் தண்டனை அது. சாதாரணக் காவலில் அந்தக் கட்டாயம் இல்லை.

மரண தண்டனைக்கு நம் உச்ச நீதிமன்றம் 1980இல் ஓர் எல்லை வகுத்தது. பச்சன் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு அது. ‘அரிதினும் அரிதான’ வழக்கில் மட்டுமே அந்தத் தண்டனை என்றது. இதில் வருவதும் அதே வால்தான். ஆங்கிலத்தில் ‘ரேரஸ்ட்’ என்று இருக்கும். ஒரு வாலில் ஓர் உயிர் தொங்குகிறது.

சான்றிதழில் இந்தச் சொல்

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘சிவியர்’ என்ற சொல்லுக்கு எண் கொடுத்திருந்தார்கள். குறைபாடு 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘சிவியர்’. 2016இல் புதிய சட்டம் வந்தது. பல சலுகைகளுக்கு அது 40 சதவீதத்தை எல்லையாக வைத்தது. ஆனால் மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் பழைய 80 சதவீதக் கணக்குத்தான் எல்லை. 75 சதவீதம் என்று எழுதினால் அந்தப் பணம் கிடையாது. மாநில அரசுகளின் திட்டங்களில் எல்லை வேறாக இருக்கும். எனவே சான்றிதழை வாங்கியதும் அதில் உள்ள சதவீதத்தைப் படித்துப் பாருங்கள்.

புயலின் ஏணி

இந்திய வானிலைத் துறை புயலை ஓர் ஏணி போல வைத்திருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் காற்றின் வேகம் உண்டு.

மணிக்கு 31 கிலோமீட்டரிலிருந்து 50 வரை காற்று வீசினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 வரை போனால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதற்கு மேல் 88 வரை புயல். அடுத்த படியில்தான் நம் சொல் வருகிறது. 89 முதல் 117 வரை ‘சிவியர்’ புயல். 118இல் ‘வெரி சிவியர்’ தொடங்குகிறது. ஏறத்தாழ 166க்கு மேல் ‘எக்ஸ்ட்ரீம்லி சிவியர்’. 220ஐத் தாண்டினால் ‘சூப்பர்’ புயல்.

பாருங்கள். ‘சிவியர்’ என்பது இந்த ஏணியில் உச்சிப் படி இல்லை. அதற்கு மேலே இன்னும் மூன்று படிகள் இருக்கின்றன.

தமிழ்ச் செய்திகளில் இந்தப் படிகளுக்குத் தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல், அதிதீவிரப் புயல் என்று பெயர்கள் வருகின்றன. எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. ஒருவர் ‘மிக’ என்பதை இன்னொருவர் ‘அதி’ என்பார். ‘மிக’ பெரியதா, ‘அதி’ பெரியதா என்று குழம்ப வேண்டாம். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணைக் கேளுங்கள். அது எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

ஒடிசா மக்கள் இந்த ஏணியை உயிர் கொடுத்துப் படித்தவர்கள்.

1999ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். 17ஆம் தேதி கஞ்சம் மாவட்டத்தில் கோபால்பூர் பக்கம் ஒரு பெரிய புயல் அடித்தது. இரண்டு வாரம் ஆவதற்குள், 29ஆம் தேதி, பாரதீப் அருகே இன்னொன்று கரை ஏறியது. அது ‘சூப்பர்’ புயல். காற்றின் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் என்ற ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். காற்றை விட அங்கே கொன்றது கடல். 5 முதல் 6 மீட்டர் உயரத்துக்குக் கடல் நீர் ஊருக்குள் வந்தது. அது ஒரு தென்னையின் பாதி உயரம். மண் சுவரும் கூரையும் அதற்கு முன் எம்மாத்திரம்?

‘சூப்பர்’ என்ற சொல்லை வைத்துக் கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்? அந்தச் சொல் காற்றைத்தான் சொன்னது. தண்ணீர் எவ்வளவு உயரம் வரும், எந்த ஊர் வரை வரும், எங்கே ஓடலாம் என்பதை அது சொல்லவில்லை. ஓடிப் போய் ஏற உயரமான கட்டடங்களும் அப்போது மிகக் குறைவு.

அதன் பிறகு ஒடிசாவில் நிலைமை மாறியது. பேரிடர் வேலைக்கென்று மாநில அரசு தனி அமைப்பை ஏற்படுத்தியது. கடற்கரையில் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். 2013 அக்டோபர் 12இல் பைலின் புயல் கோபால்பூர் அருகே வந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. 2019 மே 3இல் புரி அருகே ஃபானி புயல் கரை கடந்தது. அப்போது 12 லட்சம் பேர் வரை பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். ஒடிசாவில் இறந்தவர்கள் 64 பேர். 64 உயிரும் உயிர்தான். ஆனாலும் 10,000 எங்கே, 64 எங்கே!

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பைலின் புயலில் காற்று மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அன்றைய செய்திகளில் அது ‘வெரி சிவியர்’ என்றுதான் இருக்கும். அதை விடக் காற்று குறைவாக இருந்த புயல்கள் சில இப்போது ‘எக்ஸ்ட்ரீம்லி சிவியர்’ எனப்படுகின்றன. காரணம், அந்தப் படியே 2015இல்தான் ஏணியில் சேர்ந்தது. பழைய செய்தித்தாளில் உள்ள சொல்லையும் இன்றைய சொல்லையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.

இன்னொன்று, ‘வலுவிழந்தது’ என்ற சொல். 2020 மே மாதம் வங்கக் கடலில் அம்பன் புயல் ‘சூப்பர்’ படி வரை ஏறியது. 1999க்குப் பிறகு வங்கக் கடலில் அந்தப் படியைத் தொட்ட முதல் புயல் அதுதான். பிறகு வலு குறைந்தது. மே 20இல் மேற்கு வங்கத்தில் சுந்தரவனம் பக்கம் கரை கடந்தபோது ‘வெரி சிவியர்’ படியில் இருந்தது. இரண்டு படி இறங்கி விட்டது. ஆனாலும் மேற்கு வங்கத்தில் மட்டும் 80க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொல்கத்தாவில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. வலுவிழந்தது என்றால் முன்பு இருந்ததை விடக் குறைந்தது என்றுதான் பொருள். ஆபத்து தீர்ந்தது என்று பொருள் இல்லை. இந்தச் சொல்லைக் கேட்டுப் படகையோ வீட்டையோ பார்க்கத் திரும்பிப் போகக் கூடாது.

காற்றுக்கு மட்டும்தான் இந்த ஏணி என்பதையும் மறக்க வேண்டாம். 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அது வெறும் ‘புயல்’. ‘சிவியர்’ என்ற அடைமொழி அதற்கு இல்லை. ஆனால் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தெருக்கள் ஆறாயின. மழைக்கு வேறு ஏணி இருக்கிறது. அதில் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே உச்சிப் படி. புயல் செய்தி கேட்கும்போது காற்றை ஒரு முறை கேளுங்கள். மழையைத் தனியாகக் கேளுங்கள். கடலோர மக்கள் அலை உயரத்தையும் கேட்க வேண்டும்.

டெல்லிக் காற்று

டெல்லியில் குளிர் காலத்தில் காற்று நஞ்சாகிறது. அதை 0 முதல் 500 வரை ஓர் எண்ணால் சொல்கிறார்கள். இந்த முறை நாட்டில் 2015இல் நடைமுறைக்கு வந்தது. 50 வரை நல்ல காற்று. அதிலிருந்து ஆறு படிகள். 401க்கு மேல் போனால் ‘சிவியர்’.

இங்கே அதுதான் உச்சிப் படி. மேலே சொல் இல்லை. புயலில் நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்ட சொல், காற்றின் தரத்தில் முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் கேட்கும் மனிதர் ஒருவரே. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். இப்போது டெல்லியில் 450ஐத் தாண்டினால் ‘சிவியர் பிளஸ்’ என்கிறார்கள். சொல் தீர்ந்து போனதால் கூட்டல் குறி போட வேண்டி வந்து விட்டது.

வெயிலுக்கும் இப்படி ஒரு படி உண்டு. சமவெளியில் 45 டிகிரியை எட்டினால் வெப்ப அலை. 47 டிகிரியை எட்டினால் ‘சிவியர்’ வெப்ப அலை.

உடம்பின் ஏணி

புயல் எப்போதாவது வரும். மருத்துவச் சீட்டு அடிக்கடி வரும். அதனால் இதை நிதானமாகப் படியுங்கள்.

இரத்த சோகையை மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். ‘மைல்ட்’, ‘மாடரேட்’, ‘சிவியர்’. இரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்று பார்க்கிறார்கள். கர்ப்பிணிக்கு 11 கிராம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 10க்கும் 11க்கும் இடையில் என்றால் ‘மைல்ட்’. 7 முதல் 10 வரை ‘மாடரேட்’. 7க்குக் கீழே ‘சிவியர்’.

‘மாடரேட்’ என்ற சொல்தான் இங்கே ஏமாற்றுகிறது. நடுத்தரம் என்று மொழிபெயர்த்தால், ‘சுமாராக இருக்கிறது, பரவாயில்லை’ என்று தோன்றும். அப்படி இல்லை. ஹீமோகுளோபின் 7.5 கிராம் என்றால் சீட்டில் ‘மாடரேட்’ என்றுதான் எழுதுவார்கள். அது ‘சிவியர்’ படிக்கு அரை கிராம் தூரம். கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். மறுபடியும் இரத்தம் பார்க்க வேண்டும். 7க்குக் கீழே போய் விட்டால் மாத்திரையை வைத்துக் கொண்டு வீட்டில் இருக்க முடியாது. மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும். பிரசவத்தில் ஆகும் இரத்தப் போக்கை அந்த உடம்பு தாங்காது.

குழந்தைகளுக்கு எண்ணே தேவையில்லை. ஒரு நாடா போதும். அங்கன்வாடியில் குழந்தையின் மேல்கையைச் சுற்றி ஒரு நாடாவை வைத்துப் பார்ப்பார்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை இந்த அளவு செல்லும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 11.5க்குக் கீழே சிவப்பு. அந்தச் சிவப்புக்குப் பெயர்தான் ‘சிவியர்’. ஒரு விரல் அகலம் கூட இல்லை இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே!

‘சிவப்பு’ வந்து விட்டால் சில தாய்மார்கள் கூசிப் போகிறார்கள். அடுத்த மாதம் குழந்தையை எடுத்து வருவதில்லை. அந்தச் சொல் தங்களைத் திட்டுவதாக நினைக்கிறார்கள். சொல் குழந்தையின் கையைத்தான் சொல்கிறது, தாயை அல்ல. அந்தச் சொல் எழுதப்பட்டால் குழந்தைக்குச் சிறப்புக் கவனிப்பு உண்டு. பசி எடுக்காத, காய்ச்சலோ வீக்கமோ உள்ள குழந்தையை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பல மாவட்டங்களில் இதற்கென்றே ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன.

எடை அட்டையிலும் ‘சிவியர்’ வரலாம். அது வயதுக்கு ஏற்ற எடையைப் பார்த்துச் சொல்வது. நாடா சொல்வது மெலிவை. உயரக் குறைவுக்கும் தனியாக ஒரு ‘சிவியர்’ உண்டு. எதைப் பார்த்து எழுதினார்கள் என்று ஊழியரிடம் கேட்கலாம். கேட்டால் சொல்ல வேண்டியது அவர் கடமை.

கடைசியாக வயிற்றுப்போக்கு. உடம்பில் நீர் வற்றுவதையும் மூன்று படியாகவே பார்க்கிறார்கள். வற்றவில்லை, ஓரளவு வற்றியது, ‘சிவியர்’. இதற்குக் கருவி வேண்டாம். நாடாவும் வேண்டாம். வீட்டிலேயே கண்டு கொள்ளலாம்.

ஓரளவு வற்றிய குழந்தை அழும், சிணுங்கும். தாகத்தோடு ஆவலாகக் குடிக்கும். கண் உள்ளே போயிருக்கும். அப்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பெரிய பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், குத்துமதிப்பான நீர் என்றெல்லாம் கூடாது.

‘சிவியர்’ படியில் குழந்தை அழாது. இதுதான் பலரை ஏமாற்றுகிறது. ‘அழுகை நின்று விட்டது, தூங்குகிறான்’ என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். அது தூக்கம் இல்லை, மயக்கம். குடிக்கக் கொடுத்தால் குடிக்காது, அல்லது சரியாகக் குடிக்க முடியாது. வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டால், மடிப்பு மெதுவாகத்தான் சமமாகும். இரண்டு வினாடிக்கு மேல் மடிப்பு நின்றால் ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நரம்பு வழியாக நீர் ஏற்றும் வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு போக வேண்டும். 108க்குப் போன் செய்யலாம். குழந்தைக்கு விழுங்க முடிந்தால், போகும் வழியெல்லாம் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் கொண்டே போக வேண்டும். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம்.